குளிரில் உதறும் சக்கரம்

"காலமை வெளிக்கிட்டா ஸ்டியரிங் உதறுது அண்ணை, பின்னேரம் திரும்பி வரேக்க ஒண்டுமில்லை." டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் கார் கராஜ் நடத்தும் தமிழர்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அடிக்கடி கேட்கும் முறையீடு இது. காரை உள்ளே எடுத்து, தூக்கி நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி பேலன்சிங் இயந்திரத்தில் ஏற்றினால் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. அங்கே 5 கிராம், இங்கே 10 கிராம் என்று சிறு எடைகளை ஒட்டிக் காரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஓட்டிப் பார்த்தால் உதறல் இல்லை. அடுத்த பனிப்பொழிவு முடிந்த காலையில் அது மறுபடியும் வருகிறது. வேலை சரியில்லை என்று காரின் சொந்தக்காரர் நினைக்கிறார். இவர் எதையோ கற்பனை செய்கிறார் என்று கராஜ்காரர் நினைக்கிறார். உண்மையில் இருவருமே பொய் சொல்லவில்லை.

கராஜின் உள்ளே 18 டிகிரி, வெளியே கழித்தல் 15 டிகிரி. குளிரில் உண்டான உதறலின் தடயம் கராஜ் கதவைத் தாண்டிய ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடுகிறது. பனிக்கட்டி உருகி வடிகால் வழியே போய்விடும். சப்பட்டையான டயர் மெல்ல வட்டத்துக்குத் திரும்பும். இறுகிய ரப்பர் இளகும். கோளாறு இருந்த நிலை ஒன்று, அதைச் சோதிக்கும் நிலை வேறு. குளிர்காலத்து டயர் அதிர்வைப் பற்றிப் பேசும் பலர் காரணங்களை அடுக்கிவிட்டு இந்த ஒன்றைத் தவறவிடுகிறார்கள். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது, அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்ற கேள்வியையும் உடன் எடுத்துச் செல்வதே சரியான வழி என்பது என் கருத்து.

முதலில் கொஞ்சம் கணக்கு. நடுத்தரக் கார்களில் சாதாரணமாகக் காணப்படும் 205/55 ஆர்16 அளவு டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் தூரம் போகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர், அதாவது நொடிக்குப் பதினான்கு சுற்று. சக்கரத்தின் ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் நொடிக்குப் பதினான்கு தடவை அது உலுக்கும். சக்கரமும் அச்சும் சேர்ந்த பாகம் தன் ஸ்பிரிங்குகளின் நடுவே இயல்பாக ஆடக்கூடிய அதிர்வெண்ணும் பெரும்பாலான கார்களில் 10 முதல் 15 ஹெர்ட்ஸ்தான். மனிதக் கைகள் அதிர்வை மிக நுட்பமாக உணர்வது 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரை. மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுவதால்தான் நகரத் தெருவில் ஒன்றும் தெரியாத கார், 401 நெடுஞ்சாலையில் ஏறி 90-ஐத் தொட்டதும் கையில் நடுங்குகிறது, 120-ஐத் தாண்டினால் சில வேளை அடங்கியும் போகிறது. முன்சக்கரக் கோளாறு ஸ்டியரிங்கிலும், பின்சக்கரக் கோளாறு இருக்கையிலும் தெரியும் என்ற பழைய விதி இன்றும் பெருமளவு உண்மை.

உலுக்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 அங்குல ரிம்மின் உள்பக்கம் ஒரே இடத்தில் 50 கிராம் பனிக்கட்டி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும். 200 கிராம் என்றால் 30 கிலோவுக்கு மேல். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் விசை கால் பங்காகும். பேலன்சிங் செய்பவர் 5 கிராமுக்காக மெனக்கெடுகிறார் என்பதை நினைத்துப் பார்த்தால், அள்ளித் திணித்ததுபோல் ரிம்மில் அடைந்துகிடக்கும் பனி என்ன செய்யும் என்பது விளங்கும்.

குளிர்காலத்தில் திடீரென்று தோன்றும் உதறலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பனியைத்தான். அது சேரும் விதமும் விசித்திரமானது. ஓடும்போது ரிம்முக்குள் தெறிக்கும் பனிச்சேறு சுழற்சியால் ஓரளவு எல்லாப் பக்கமும் சமமாகவே படியும். அதனால் வீடு வந்து சேரும்வரை உதறல் இருக்காது. காரை நிறுத்தியதும் பிரேக் தட்டின் சூட்டில் அந்தச் சேறு இளகி, நீராகி, ரிம்மின் அடிப்பகுதிக்கு வழிந்து சேர்கிறது. இரவில் அங்கேயே உறைகிறது. மறுநாள் காலையில் எடை முழுவதும் ஒரே பக்கம். நேற்றிரவு ஒழுங்காக ஓடிய கார் இன்று காலை உதறுவதன் மர்மம் இதுதான். பனிமேட்டில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினாலும், பனி வாரும் வண்டி தள்ளிவிட்டுப் போன குவியலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாலும் இதே கதிதான்.

இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. குனிந்து ரிம்மின் ஆரங்களுக்கு இடையே கைவிளக்கை அடித்துப் பார்த்தால் போதும். உட்பக்க வளைவில் அழுக்கு வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ கட்டி தெரியும். மரத்துண்டாலோ பிளாஸ்டிக் பிரஷின் பிடியாலோ தட்டினால் பெரும்பாலும் பெயர்ந்து விழுந்துவிடும். ஸ்குரூடிரைவரால் குத்தக் கூடாது. ரிம்மின் உட்பக்கம் ஒட்டிய பேலன்ஸ் எடைகளும், பிரேக் குழாயும், வேகமறியும் சென்சரின் வயரும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கொதிநீரும் ஊற்றக் கூடாது. உறைந்த உலோகத்துக்கும் பூச்சுக்கும் அது நல்லதல்ல, ஊற்றிய நீரே பிரேக்கில் உறைந்துகொள்ளவும் கூடும். காசு போட்டு நாமே கழுவும் நிலையத்தில் அழுத்த நீரை உட்பக்கமாகச் சில நிமிடம் பாய்ச்சுவதே நிம்மதியான வழி. கழுவியதும் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று தடவை மெதுவாக அழுத்தி நீரை உலர்த்திவிட்டு நிறுத்த வேண்டும்.

பனிக்கட்டியின் உதறலுக்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. அறுபதுக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே இருக்காது, மேலே போகப் போகக் கடுமையாகும், திடீரென்று ஒரு கணத்தில் குறையும் அல்லது இடம் மாறும். கட்டியில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்த கணம் அது. மற்றக் காரணங்கள் பொதுவாக அப்படித் திடுமென மாறுவதில்லை.

இரண்டாவது காரணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நின்ற இடத்தில் டயர் சப்பட்டையாவதுதான் அது. தரையைத் தொடும் பகுதி எப்போதுமே தட்டையாகத்தான் இருக்கும். கார் நகர்ந்ததும் வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். சில டயர்கள் திரும்பத் தாமதிக்கின்றன. காரணம் ரப்பரை விட, ரப்பருக்குள் மறைந்திருக்கும் இழைகளில் அதிகம் இருக்கிறது.

டயரின் உடலுக்கு முதலில் பருத்தி நூலைப் பயன்படுத்தினார்கள், 1930களின் பிற்பகுதியில் ரேயான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமான டயர்களுக்கு நைலான் இழை புகுந்தது. அன்றைய டயர் நூல்களில் வலிமையில் அதை விஞ்ச எதுவும் இல்லை. போருக்குப் பிறகு, 1950களில், நைலான் டயர்கள் அமெரிக்கக் கார்களுக்கு விற்பனைக்கு வந்தபோது ஒரு புதுத் தொல்லை தெரிந்தது. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் எடுத்தால் முதல் சில மைல்களுக்குச் சக்கரம் தட்தட்டென்று அடித்தது. மாற்று டயர் வாங்கியவர்கள் வலிமைக்காக அதைப் பொறுத்துக்கொண்டார்கள். புதுக் காரில் அந்தச் சத்தம் வருவதை டெட்ராய்ட்டின் கார் நிறுவனங்கள் விரும்பவில்லை. நெடுங்காலம் ரேயானையே கேட்டு வாங்கின. 1962-இல் பாலியஸ்டர் இழை டயர் சந்தைக்கு வந்து அந்தப் போட்டியைப் படிப்படியாக முடித்துவைத்தது.

நைலானுக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்? நைலான் வெப்பத்தால் இளகும் இழை. உலர்ந்த நைலான் 66-க்கு ஏறத்தாழ 50 டிகிரி ஒரு எல்லை. அதற்கு மேலே அதன் மூலக்கூறுகள் அசையும், கீழே இறங்கினால் இருந்த இருப்பில் உறையும். ஈரம் ஏறினால் அந்த எல்லை இன்னும் கீழே போகும். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடிவந்த டயர் அந்த எல்லையைத் தாண்டிச் சூடாக இருக்கும்போது காரை நிறுத்துகிறோம். சூடேறிய நைலானுக்குச் சுருங்கும் குணமும் உண்டு. டயரின் மற்ற பகுதியில் காற்றழுத்தம் இழையை இழுத்துப் பிடித்திருக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் மட்டும் அந்த இழுவிசை தளர்ந்திருப்பதால் இழை கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கி, அந்த நிலையிலேயே ஆறி இறுகிவிடுகிறது. நைலான் சேலையைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் மடித்துத் தேய்த்தால் மடிப்பு நிற்பதுபோலத்தான் இதுவும். நீக்க வேண்டுமானால் மறுபடியும் சூடாக்க வேண்டும். பாலியஸ்டருக்கு அந்த எல்லை 70 டிகிரிக்கு மேல். சாதாரண ஓட்டத்தில் டயர் அதை எட்டுவது அரிது. ரேயானோ வெப்பத்தால் இளகுவதே இல்லை.

பாலியஸ்டர் வந்ததோடு நைலான் போய்விட்டதா என்றால் இல்லை. மிச்செலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில் உருக்குப் பட்டைகள் உண்டு. அதிவேகத்தில் அந்தப் பட்டைகளின் ஓரங்கள் வெளிநோக்கித் தூக்காமல் கட்டிப்பிடிக்க, அவற்றின் மேலே சுற்றளவுத் திசையில் நைலான் நாடாவைச் சுற்றுகிறார்கள். வேகத் தகுதி கூடிய டயர்களில் இது அநேகமாகத் தவறாது இருக்கும். சுற்றளவுத் திசையில் ஓடும் இழையில் ஓரிடம் மட்டும் சுருங்கினால் வட்டம் நேரடியாகக் கெடும். அதனால்தான் மலிவான சிறு காரின் உயரமான டயரை விட, விலை கூடிய காரின் குட்டைப் பக்கச்சுவர் டயரே காலையில் அதிகம் தட்தட்டென்கிறது. (டயருக்கான நைலான் இழைத் துணி 1970களிலிருந்து சென்னை மணலியிலும் நெய்யப்படுகிறது. அந்த இழை தன் வாழ்நாளில் உறைபனியைக் காணாமலே தேய்ந்துபோகும் டயர்கள்தான் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன.)

இதில் குளிரின் பங்கு என்ன என்பதில் பொதுப் பேச்சு கொஞ்சம் குழம்பியிருக்கிறது. குளிர்தான் நைலானைச் சப்பட்டையாக்குகிறது என்பார்கள். சூடும் குளிரும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுதான் அதைச் செய்கிறது. சூடாக வந்து நின்ற டயர் கழித்தல் 15 டிகிரியில் விரைவாக ஆறுகிறது. மறுநாள் காலையில் இன்னொரு விதமாகக் குளிர் குறுக்கே நிற்கிறது: கோடையில் ஐந்து நிமிடத்தில் சூடேறி வட்டமாகும் டயருக்கு இப்போது இருபது நிமிடம் தேவைப்படுகிறது. பதினைந்து நிமிடத்தில் வேலைக்குப் போய்ச் சேர்கிறவர் வழி முழுவதும் உதறலோடுதான் போவார். குளிரில் காற்றழுத்தமும் இறங்கியிருப்பதால் தரையில் படும் பகுதி அகன்று, சப்பட்டையின் அளவும் கூடுகிறது. ஆக, ஒரே குளிர் மூன்று வழியில் சப்பட்டைக்குத் துணைபோகிறது.

கடுங்குளிர்ப் பகுதிகளில் நைலான் இல்லாமலே இது நடக்கும். கனடாவின் யெல்லோநைஃப், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் கழித்தல் 40 டிகிரியில் இரவு நின்ற காரின் டயர் சதுரமாகிவிட்டது என்றே மக்கள் சொல்வார்கள். அங்கே ரப்பரே விறைத்துவிடுகிறது. தரையில் பட்ட பகுதி தட்டையாகவே விறைத்து, முதல் கிலோமீட்டரில் கார் பாறைமேல் ஏறி இறங்குவதுபோல் குதிக்கும். பக்கச்சுவர் வளையும்போது உள்ளே உண்டாகும் சூடுதான் அதை இளக்க வேண்டும். மெதுவாக, முப்பது நாற்பது வேகத்துக்குள் ஓட்டுவதைத் தவிர வேறு மருந்து இல்லை. இன்ஜினைச் சூடாக வைத்திருக்க இரவெல்லாம் மின்கம்பியில் செருகி வைக்கிறார்கள், ஆனால் டயருக்கு அப்படிச் செருகி வைக்க எதுவும் இல்லை.

ரப்பர் குளிரில் என்ன ஆகும் என்பதை உலகம் நேரில் பார்த்த நாள் 1986 பிப்ரவரி 11. சேலஞ்சர் விண்கல விபத்தை விசாரித்த ஆணையத்தின் கூட்டத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைக் கிடுக்கியில் நெருக்கி, ஐஸ் தண்ணீர்க் குவளையில் வைத்து எடுத்தார். கிடுக்கியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அவர் வைத்திருந்தது டயர் ரப்பர் அல்ல, வேறு கலவை. ஆனாலும் நம் டயருக்கு நடப்பதும் அதே வகைதான்: உடைவதற்கு முன்பே, விறைப்பதற்கும் முன்பே, திரும்பும் வேகத்தை ரப்பர் இழந்துவிடுகிறது.

எல்லா டயரும் ஒரே வெப்பநிலையில் அதை இழப்பதில்லை. கோடை டயரின் கலவை சூடான சாலையில் பிடிப்புக்காகச் செய்யப்பட்டது; வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே அது இறுகத் தொடங்குகிறது. அதிவேகக் கோடை டயர்களை உறைபனியில் ஓட்டவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். விறைத்த தரைப்பட்டையில் கண்ணாடி போல வெடிப்பு விழும், விழுந்த வெடிப்பு சூடேறினாலும் ஒட்டாது. குளிர்கால டயரில் குறைந்த வெப்பநிலையிலும் நெகிழும் ரப்பரும் சிலிக்காவும் கூடுதலாகச் சேர்கின்றன. பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதன் நடுவே பனிப்பூவும் பொறித்திருப்பது அதன் அடையாளம். இந்த வகை டயரின் பிறப்பிடம் பின்லாந்து. பின்னாளில் நோக்கியன் டயர்ஸ் என்று ஆன நிறுவனம் 1934-இல் லாரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் குளிர்கால டயர் செய்தது. குளிர்கால டயர் பனியில் பிடிப்புக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் விரைவாக வட்டத்துக்குத் திரும்புவதும் அதன் நன்மைகளில் ஒன்று.

காற்றழுத்தத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20 டிகிரியில் 32 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் கழித்தல் 20 டிகிரியில் ஏறத்தாழ 25.5 பிஎஸ்ஐக்கு இறங்கும். காற்று எங்கும் கசியவில்லை. குளிர்ந்த காற்று அழுத்தம் குறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கட்டாயமான அழுத்த எச்சரிக்கை விளக்கு, பரிந்துரைத்த அளவில் கால் பங்கு குறைந்தால் எரிய வேண்டும். டிசம்பர் முதல் குளிர்க் காலையில் தெரு முழுக்க எல்லோர் காரிலும் அது ஒரே நாளில் எரிவது இதனால்தான். ஆனால் குறைந்த அழுத்தம் மட்டுமே உதறலுக்குக் காரணம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. நான்கு டயரிலும் சமமாக அழுத்தம் குறைந்தால் கார் தளர்ந்து ஓடும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், திருப்பத்தில் அலையும். சுற்றுக்கு ஒரு தடவை அடிக்கிற தாளம் அதிலிருந்து பிறக்காது. சப்பட்டையாவதை அது பெரிதாக்கும், குழியில் விழும்போது ரிம்மை வளையவிடும். அதற்காக நிரப்பத்தான் வேண்டும், அதுவும் டயர் குளிர்ந்திருக்கும் வேளையில். நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன், குளிரும்போது இரண்டும் ஒரே விதிப்படிதான் அழுத்தம் இழக்கின்றன.

இனி வருவது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமானது: குளிர்காலத்துக்காக டயர் மாற்றுவது. கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். 2019-லிருந்து அந்தக் காலம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, என்றாலும் 2016 தொடக்கத்திலிருந்து குளிர்கால டயருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி தரவேண்டும் என்ற விதி இருப்பதால் பலர் மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே நவம்பர் மாதத்தில் லட்சக்கணக்கான சக்கரங்கள் கழற்றி மாட்டப்படுகின்றன. கராஜ்களில் நிற்க நேரமில்லை. குளிர்கால உதறல்களில் கணிசமான பங்கு இங்கேதான் பிறக்கிறது என்பதும், மக்கள் பழியைக் குளிரின்மேல் போட்டுவிடுகிறார்கள் என்பதும் என் எண்ணம். முதல் குளிரும் டயர் மாற்றமும் ஒரே வாரத்தில் வருவதால் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

சாலையில் தூவும் உப்பினால் ஹப்பின் முகத்தில் துரு செதில் செதிலாகப் படிந்திருக்கும். அதைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்காமல் ரிம்மை மாட்டினால் ரிம் முழுதாகப் பதியாமல் ஒரு பக்கம் மயிரிழை சாய்ந்து நிற்கும். பேலன்சிங் இயந்திரத்தில் சரியாக இருந்த சக்கரம் காரில் உதறும். குளிர்காலத்துக்கென்று வாங்கிய வேறு நிறுவன ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்தால், அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் சக்கரம் நடுமையத்தில் உட்காராது. இவை தொல்லைகள் மட்டுமே. ஆபத்து நட்டுகளில் இருக்கிறது. துருவின்மேல் இறுக்கிய நட்டு, சில நாள் ஓட்டத்தில் அந்தத் துரு நசுங்கி உதிர்ந்ததும் பிடி தளர்கிறது. சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான். பெரும்பாலான கார்களுக்குத் தேவையான இறுக்கம் 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். சரியான எண் காரின் கையேட்டில் இருக்கும். காற்றுத் துப்பாக்கியால் கண்மண் தெரியாமல் இறுக்குவதும் பாதுகாப்பல்ல, அது மரையை இழுத்து நீட்டிவிடும்.

தளர்ந்த நட்டின் உதறல் நாளுக்கு நாள் கூடும். சூடேறினாலும் குறையாது. மெதுவாகப் போகும்போதும், திருப்பத்தில் இன்னும் அதிகமாகவும் தெரியும். கூடவே கடகட சத்தமும் கேட்கலாம். அப்படி ஒன்று தோன்றினால் வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. ஓரமாக நிறுத்தி, நட்டுகளை ரெஞ்சால் சோதித்துவிட்டே நகர வேண்டும். குளிரில் உதறுவது சகஜம், சூடேறினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்லும் ஆறுதலில் எனக்குப் பயம் உண்டு. பத்தில் ஒன்பது தடவை அது உண்மையாகவே இருந்தாலும், மீதி ஒரு தடவையில் சக்கரம் கழன்று நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு ஓடக்கூடும். குளிர்காலத்தில் புதிதாக வந்த எந்த உதறலுக்கும் முதல் சோதனை நட்டு, இரண்டாவது ரிம்முக்குள் பனி, மற்றவை எல்லாம் அதற்கப்புறம்தான்.

குழிகளால் வருவது வேறு வகை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். தாரின் வெடிப்புக்குள் இறங்கிய நீர் உறைந்தும் உருகியும் சாலையைப் பிளக்கிறது. மொன்றியல் நகரத்துச் சாலைகள் பிப்ரவரி முடிவில் இருக்கும் இருப்பு அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழியில் விழுந்து வளைந்த ரிம், உள்நூல் அறுந்து பக்கச்சுவரில் கொப்புளம் கண்ட டயர், இரண்டுமே உதறும். குளிரோ சூடோ இவற்றைப் பாதிக்காது, ஒரே மாதிரி உதறிக்கொண்டிருக்கும். கராஜின் சூடு அழிக்க முடியாத தடயம் இது, எனவே அங்கே எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். கொப்புளம் கண்ட டயரை அன்றே மாற்ற வேண்டும்.

டயரே இல்லாத காரணங்களும் இருக்கின்றன. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் அது பிரேக் தட்டு. உப்பில் நின்ற காரில் தட்டின்மேல் துருப்படிவது வழக்கம், லேசான துரு சில அழுத்தங்களில் போய்விடும். நின்ற இடத்திலேயே காலையில் கார் நடுங்கி, இன்ஜின் சூடானதும் அடங்கினால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் விறைத்திருக்கின்றன. ஷாக் அப்சார்பரின் எண்ணெய் குளிரில் தடித்துவிடுவதால் முதல் சில கிலோமீட்டருக்குக் கார் முரட்டுத்தனமாகக் குதிக்கும், அது உதறல் அல்ல. கைப்பிரேக் உறைந்து ஒரு பின்சக்கரம் உருளாமல் இழுபட்டால் டயர் ஓரிடத்தில் தேய்ந்து நிரந்தரமாகச் சப்பட்டையாகும். பனிமேல் இழுபடும்போது ஓட்டுநருக்குத் தெரியாது, காய்ந்த தார்ச்சாலைக்கு வந்தபின்தான் தெரியும். ஈரமும் கடுங்குளிரும் சேர்ந்த இரவில் பார்க்கிங் கியரில் மட்டும் நிறுத்தினால் போதும், நிலம் சமமாக இருந்தால்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது கராஜில் முதலில் நடக்க வேண்டியது பேலன்சிங் அல்ல, விசாரணை. எந்த வேகத்தில் தொடங்குகிறது, நின்ற எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, எத்தனை கிலோமீட்டரில் அடங்குகிறது, டயர் மாற்றி எத்தனை நாள், நேற்று பனிச்சேற்றில் ஓட்டினீர்களா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. குறைந்த வேகத்திலேயே தட்தட்டென்று அடித்துப் பதினைந்து இருபது நிமிடத்தில் மெல்லக் கரைவது சப்பட்டை டயர். பதில் தெளிவாக இல்லையென்றால் காரை இரவு முழுவதும் வெளியே நிறுத்திவைத்து, மறுநாள் காலை மெக்கானிக்கே முதலில் எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய முன்வரும் கராஜ்கள் குறைவு. அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுப்பது நியாயம் என்றே சொல்வேன். தேவையில்லாத நான்கு பேலன்சிங்குகளை விட அது மலிவு.

டயரைச் சுமையோடு உருளையின்மேல் அழுத்திச் சுழற்றி அதன் விறைப்பு ஒரு சுற்றில் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று அளக்கும் ரோடு ஃபோர்ஸ் இயந்திரங்கள் சில கராஜ்களில் இருக்கின்றன. சாதாரண பேலன்சிங் எடையைத்தான் பார்க்கும். எடை சமமாக இருந்தும் உருவத்தால் உதறும் டயரை இதுதான் பிடிக்கும். ஆனாலும் குளிர்ந்த டயரை அப்படியே ஏற்றினால்தான் சப்பட்டை தெரியும். இரண்டு மணி நேரம் உள்ளே கிடந்த பின் அளந்தால், அது நல்ல டயர் என்று இயந்திரம் சான்று கொடுத்துவிடும்.

மாதக்கணக்கில் காரை நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்ற டயரின் சப்பட்டை இருபது நிமிட ஓட்டத்தில் போகாது. சில வேளை ஒருபோதும் போகாது. நிறுத்தும் முன் அழுத்தத்தை, பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச எல்லையைத் தாண்டாமல், வழக்கத்தை விடக் கொஞ்சம் கூட்டி வைப்பதும், வீட்டில் இருக்கும் யாரையாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காரைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வதும் உதவும். பனி மூடிய காரை எடுக்க முடியாதென்றால் ஓரடி முன்னே பின்னே உருட்டினாலும் போதும்.

மின்கார்கள் பெருகப் பெருக இந்த விஷயம் இன்னும் அதிகம் பேசப்படும் என்று தோன்றுகிறது. பேட்டரியின் எடையால் டயரின்மேல் சுமை கூடியிருக்கிறது. அந்த எடையையும் திடீர் முடுக்கத்தையும் தாங்க டயரின் உடல் வலுப்படுத்தப்பட்டிருக்கிறது. இன்ஜின் சத்தம் இல்லாததால் முன்பு காதில் விழாத தட்டல்கூட இப்போது தெளிவாகக் கேட்கிறது. உயர்விலை டயர்கள் சிலவற்றில் நைலான் நாடாவுக்குப் பதிலாக அராமிட் இழையை நைலானோடு முறுக்கிய கலப்பு நாடாவைச் சுற்றுகிறார்கள். அராமிட் சூட்டில் சுருங்குவதில்லை, எனவே சப்பட்டையாவது குறைகிறது. விலை இறங்கி அது சாதாரணக் கார் டயருக்கும் வந்து சேரும்வரை, கழித்தல் 20 டிகிரிக் காலையில் முதல் பத்து கிலோமீட்டரை நகரச் சாலை வழியாக நிதானமாக ஓட்டி, டயர் சூடேறிய பிறகு நெடுஞ்சாலையில் ஏறுவதுதான் கனடாவின் ஓட்டுநர் செய்யக்கூடியது. நட்டுகளை முந்தின நாளே பார்த்திருக்க வேண்டும்.